வியாழக்கிழமை பின்னேரத்துக்கு ஒரு மைதானம்: கொழும்பில் அடுத்த கோல்ஃப் மைதானத்தைக் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலோ அதன் சுற்றுப்புறத்திலோ கோல்ஃப் மைதானம் ஒன்றைக் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முதலீட்டாளர்கள், நகரத் திட்டமிடலாளர்கள், வடிவமைப்பாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன். கணக்குப் பரிசோதனை என் தொழில். வயது 57. ஹண்டிகேப் (ஆட்டத்திறமைக் கணக்கு, கூடக்கூட ஆட்டம் மோசம்) 19; அதாவது பந்தை எந்தப் பக்கம் அடிக்கக் கூடாது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே அந்தப் பக்கம் அடிக்கிற வகை. எந்தக் கழகத்திலும் நான் அங்கத்தவன் இல்லை. அங்கத்தவரான நண்பர் ஒருவர் வியாழக்கிழமை பின்னேரங்களில் விருந்தினராகக் கூட்டிக்கொண்டு போவார். ஆனால் கோல்ஃப் மைதானத்துக்குள் நான் முதலில் கால் வைத்தது 12 வயதில், நுவரெலியாவில், இன்னொருவருடைய பையைத் தோளில் சுமந்துகொண்டு. என் மாமா அங்கே கெடியாக, அதாவது ஆட்டக்காரரின் பையைத் தூக்கி மட்டை எடுத்துக் கொடுப்பவராக, இருந்தார். (கேடி என்று எழுதினால் தமிழ் வாசகர்கள் வேறு ஆளை நினைத்துக்கொள்வார்கள். அதனால் நாங்கள் சொன்னபடி கெடி என்றே எழுதுகிறேன்.) பாடசாலை விடுமுறை விட்டால் நானும் அவரோடு போய்விடுவேன்.

புதிய கோல்ஃப் மைதானம் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வரும். நடுவில் ஏரி, ஏரிக்குள் தீவு மாதிரி ஒரு கிரீன் (குழி இருக்கிற குட்டைப்புல் தரை), கரையோரம் தென்னை, பின்னால் அடுக்குமாடி, அதற்கும் பின்னால் சூரியன் இறங்குகிறது. எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். ஒன்றிலாவது யாரும் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. பந்தைத் தேடுகிறவர் இல்லை, நிழல் தேடுகிறவர் இல்லை, மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர் இல்லை. அந்தப் படத்துக்காகவே நீங்கள் காணி வாங்கி, காசைக் கொட்டிவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

கதிர்காமத்துக்கு வருசத்துக்கு ஒருமுறை போகிறோம், அதுவும் முடிந்தால். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் போகிறோம். வேலை முடிந்த கையோடு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பத்து நிமிசம். இரண்டு இடத்திலும் முருகன் ஒருவன்தான், போகிற மனநிலைதான் வேறு. கோல்ஃபிலும் கதிர்காமங்கள் இருக்கின்றன. கண்டிக்குப் பக்கத்தில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில், 1999 இல் திறந்த மைதானம் அப்படி ஒன்று. மலையும் நீரும் சுற்றி நிற்க, முதல்தடவை போகிறவர் பந்தைப் பார்க்க மறந்துவிடுவார். ஹம்பாந்தோட்டையிலும் கடலோரமாக ஒன்று இருக்கிறது. போய்வந்து ஆறு மாதத்துக்குக் கதை சொல்லலாம். கொழும்பு மாதிரியான நகரத்துக்கு வேண்டியது வெள்ளிக்கிழமைக் கோயில். கிழமைக்கு ஒருமுறை, முடிந்தால் இரண்டுமுறை, வாழ்நாள் முழுக்கப் போகக்கூடிய இடம். அப்படிப்பட்ட மைதானத்தை எது அப்படியாக்குகிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நுவரெலியா மைதானத்திலிருந்தே தொடங்குகிறேன், எனக்கு எல்லாம் அங்கேதான் தொடங்கியது. 1889 இல் வந்த மைதானம் அது. நீளம் என்று பார்த்தால் இன்றைய வடிவமைப்பாளர்கள் சிரிப்பார்கள், 6,000 யார்ட்கூட வராது. ஓடைகள் குறுக்கே போகும், மரங்கள் நெருங்கி நிற்கும், பட்டணத்து வீதி பக்கத்திலேயே ஓடும். ஏப்ரல் சீசனுக்கு வருகிற துரைமார் தொடர்ந்து பத்து நாள் அதே மைதானத்தில் ஆடுவார்கள். சலிக்காதா என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். “நீ பையைப் பார்க்கிறாய், நான் எந்த அயனை எடுக்கிறார் என்று பார்க்கிறேன்” என்றார். (அயன் என்பது இரும்பு மட்டை. நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும்.)

அடுத்த நாள் நானும் பார்த்தேன். ஒரு குட்டையான பார்-4, அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல். திங்கட்கிழமை அந்தத் துரை ட்ரைவரை, ஆகத் தூரம் அடிக்கிற மட்டையை, எடுத்து ஓடைக்கு மேலால் அடித்தார், கடந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதையே செய்யப் பார்த்தார். பந்து தண்ணீருக்குள் போனது. புதன்கிழமை டீயில் (முதல் அடி அடிக்கிற இடத்தில்) நின்று கொஞ்ச நேரம் யோசித்தார். மாமா ஒன்றுமே பேசாமல் அஞ்சாம் நம்பர் அயனை நீட்டினார். துரை அதை வாங்கி ஓடைக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு, இரண்டாவது அடியில் கிரீனுக்குப் போனார். வியாழக்கிழமை மறுபடியும் ட்ரைவர். ஓடை நகரவில்லை, மரம் நகரவில்லை. அவர்தான் ஒவ்வொரு நாளும் வேறு முடிவெடுத்தார். நாற்பத்தைந்து வருசம் கழித்து இதைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்த பிறகும், மாமா நீட்டிய அந்த அயனைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு ஒரு பெரிய சாட்சியும் உண்டு. பொபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர், 1921 இல், 19 வயதில், ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் ஆடினார். மூன்றாவது சுற்றில் 11 ஆவது ஹோலில் மணல் குழியோடு மல்லுக்கட்டி, பொறுக்க முடியாமல் பந்தை எடுத்துக்கொண்டு போட்டியை விட்டே போனார். முதல் பார்வைக்கு அவருக்கு அந்த இடம் துளியும் பிடிக்கவில்லை. மேடுபள்ளம், எங்கே அடிக்க வேண்டும் என்றே தெரியாத வெளி. பிறகு திரும்பத் திரும்ப ஆடினார். 1927 இல் அங்கேயே ஓபனை வென்றார், 1930 இல் அங்கேயே அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 1958 இல் அந்த ஊர் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கியது. படத்தில் அழகாக இருந்து மூன்றாவது தடவையில் அலுத்துப்போகிற மைதானங்களுக்கு இது நேர் எதிர்க்கதை.

அந்தப் பழைய மைதானத்தில் அப்படி என்ன இருக்கிறது? அகலம். போகிற ஹோலும் வருகிற ஹோலும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும். கிரீன்களில் ஏழு, இரண்டிரண்டு ஹோல்களுக்குப் பொதுவானவை. பந்தைத் தொலைக்கத்தான் கஷ்டப்பட வேண்டும். ஆனால் அகலமாக இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ஒரு ஹோலைக் கற்பனை செய்து சொல்கிறேன். 360 யார்ட் பார்-4. ஃபெயர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் வெட்டி வைத்த புல்வழி) 60 யார்ட் அகலம். வலது பக்கம் நெடுக சதுப்பு. கிரீனின் இடது முன்மூலையில் ஆழமான பங்கர் (மணல் குழி) ஒன்று, ஒன்றே ஒன்று. பயந்த ஆள் டீயிலிருந்து இடது பக்கம் அடிப்பார். பந்து பத்திரமாகக் கிடக்கும். ஆனால் அடுத்த அடி அந்தப் பங்கருக்கு மேலால் போக வேண்டும். துணிந்த ஆள் சதுப்பை உரசிக்கொண்டு வலது பக்கம் அடிப்பார். தப்பினால் கிரீனுக்கு வழி திறந்து கிடக்கும், பந்தை உருட்டிக்கூட விடலாம். என்னைப் போன்ற 19 ஹண்டிகேப்காரர் இடது பக்கம் அடித்து, பங்கருக்கு முன்னாலேயே இரண்டாவதை வைத்து, மெல்லத் தூக்கிப்போட்டு ஐந்தில் முடித்துச் சந்தோசமாகப் போவார். நாளைக்கு கிரீன்காரர் குழியைப் பின்பக்கத்து வலது மூலைக்கு மாற்றி வெட்டினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். இப்போது பங்கர் வழியை விட்டு விலகிவிடும், இடது பக்கத்திலிருந்து வருவதுதான் நல்லது. ஒரு பங்கர், ஒரு சதுப்பு, கொஞ்சம் அகலம். அதே ஹோல் இரண்டு நாளில் இரண்டு ஹோலாகிவிட்டது.

இனி அதே ஹோலை 25 யார்டுக்குச் சுருக்கி, இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல் வளர்த்துவிடுங்கள். எத்தனை தரம் ஆடினாலும் அது ஒரே கட்டளைதான் இடும்: நேரே அடி. நல்ல ஆட்டக்காரருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, என் போன்றவருக்கு நம்பிக்கையே இல்லை. இதைத்தான் சில இடங்களில் ‘சாம்பியன்ஷிப் தரம்’ என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள்.

பந்தைத் தேடுகிற விசயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வேலையை நான் சம்பளத்துக்குச் செய்தவன். பற்றைக்குள் குச்சியால் கிளறிக்கொண்டு, பின்னால் அடுத்த நால்வர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க, அட்டை காலில் ஏற. யாருக்கு அதில் இன்பம்? தேடும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாக 2019 இல் விதியே குறைத்துவிட்டது. மருத்துவராக இருந்து மைதான வடிவமைப்புக்கு வந்த அலிஸ்டர் மெக்கன்சி, பந்து தேடும் எரிச்சல் இல்லாமல் இருப்பது நல்ல மைதானத்தின் இலக்கணங்களில் ஒன்று என்று நூறு வருசத்துக்கு முன்னரே எழுதியிருக்கிறார். அவரும் பொபி ஜோன்சும் சேர்ந்து அமைத்ததுதான் அமெரிக்காவின் ஒகஸ்டா மைதானம். 1933 இல் திறந்தபோது அங்கே 30 பங்கர்கூட இருக்கவில்லை. உயரப்புல் என்று ஒன்றும் இருக்கவில்லை. கஷ்டம் முழுவதையும் நிலத்தின் சரிவிலும் கிரீனின் நெளிவிலும் ஒளித்து வைத்திருந்தார்கள்.

தீவுக் கிரீன் பற்றிக் கேட்பீர்கள். புளோரிடாவில் 1980 இல் பீட் டை கட்டிய சோக்ராஸ் மைதானத்தின் 17 ஆவது ஹோல்தான் அந்தப் படங்களுக்கெல்லாம் தாய். ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். தொலைக்காட்சியில் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் கிழமைதோறும் அந்த டீயில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். போனது, போகவில்லை, இரண்டே விடை. பந்தின் விலை ரூபாவில் எவ்வளவு என்று தெரிந்தவர்கள் இங்கே அப்படி ஒன்றைக் கட்ட மாட்டார்கள்.

இனி என் மனைவியின் கதை. ஐம்பது வயதில் கோல்ஃப் பழகத் தொடங்கினார். நன்றாக அடிபட்டால் 110 யார்ட் போகும், நேராகவும் போகும். என்னைவிட நேராக என்பதை அவர் இதை வாசிக்கக்கூடும் என்பதற்காகச் சேர்த்துச் சொல்கிறேன். ஒருமுறை வெளியூரில் ஒரு மைதானத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். பெண்களுக்கென்று போட்டிருந்த டீயிலிருந்து தண்ணீரைத் தாண்ட 140 யார்ட் வேண்டும். சுற்றிப் போக வழியே இல்லை. மூன்று பந்து போட்டார், மூன்றும் போனது. பிறகு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுகரைக்கு நடந்தார். அந்தப் பதினெட்டு ஹோலில் அப்படி நான்கு இடம். திரும்பி வரும்போது வாகனத்துக்குள் அவர் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் பையைத் தொடவில்லை.

இதைத் திருத்த அப்படி ஒன்றும் பெரிய காசு தேவைப்படாது. டீயை இன்னும் 60 யார்ட் முன்னால் போடலாம். அல்லது தண்ணீரை நேர்குறுக்கே வெட்டாமல் சாய்வாக வெட்டி, குறைவாக அடிக்கிறவருக்கு ஒரு ஓரத்தில் உருட்டிக் கடக்கும் வழி விடலாம். கிரீன்களிலும் இதே கதைதான். முன்பக்கத்தில் ஒரு வாசல் திறந்திருக்கட்டும், பந்து தரையால் ஓடி வரட்டும். எழுபது வயதுப் பெரியவர், பதினொரு வயதுப் பிள்ளை, என் மனைவி எல்லோரும் வருகிற வழி அது. நாலு பக்கமும் பங்கர் போட்டு மேட்டில் தூக்கி வைத்த கிரீன், உயரத் தூக்கி அடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கிற வீடு. நீளத்தைப் பற்றிப் பெருமை வேண்டாம். 7,000 யார்ட் என்று பலகையில் போட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கடைசி டீயில் நின்று அடிக்கக்கூடியவர்களைக் கொழும்பில் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். மீதிப் பேருக்கு 5,800 போதும், என் மனைவிக்கு 4,300. மிச்சமாகிற காணிக்குப் புல் வெட்டுகிற செலவும் மிச்சம்.

காசைக் கிரீனில் போடுங்கள். ஒரு சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அடிகள் அங்கேதான் நடக்கின்றன. ஒன்று பெரிதாக, ஒன்று பாய் விரித்த அளவில், ஒன்று பின்னால் சரிந்து, ஒன்று நடுவில் முதுகு வைத்து. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருந்தால் எந்த ஹோலில் நிற்கிறோம் என்றே மறந்துபோகும். கழக மண்டபத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கூரை ஒழுகாமல், மீன் கட்லட் சூடாக இருந்தால் சரி.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். கொழும்புக்கென்று சில விசயங்கள் உண்டு, வெளியூரிலிருந்து கூட்டிவரும் வடிவமைப்பாளருக்கு அவை தெரியாமல் போகலாம்.

முதலாவது, சூரியன். ஸ்கொட்லாந்தில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்கும் பந்து தெரியும். வேலை முடிந்து வந்து பதினெட்டும் ஆடிவிடலாம். இங்கே எந்த மாதமானாலும் ஆறரை மணியோடு இருட்டத் தொடங்கிவிடும். நான்கரைக்குக் கோட்டையிலிருந்தோ கொள்ளுப்பிட்டியிலிருந்தோ கிளம்பி, போக்குவரத்து நெரிசலைக் கடந்து வந்தால் கையில் கிடைப்பது ஒன்றேகால் மணித்தியாலம். ஆகவே ஒன்பதாவது ஹோலில் மட்டும் திரும்பி வருகிற மைதானம் எங்களுக்குப் போதாது. மூன்றாவது ஹோலும் ஆறாவது ஹோலும் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே முடியட்டும். மூன்று ஹோல் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வசதி இருந்தால் நான் கிழமைக்கு மூன்று நாள் வருவேன். அந்த மூன்றுக்கு ஏற்ற கட்டணமும் வைத்தால் நான்கு நாள்.

பதினெட்டு என்பது வேத வாக்கும் இல்லை. சென்ட் அன்ட்ரூசிலேயே முன்பு ஒரு சுற்றுக்கு 22 ஹோல் ஆடினார்கள், 1764 இல்தான் 18 ஆக்கினார்கள். 1860 இல் முதலாவது பிரிட்டிஷ் ஓபன் நடந்த பிரெஸ்ட்விக்கில் இருந்தது 12 ஹோல். மூன்று சுற்று ஆடி வென்றவரைத் தீர்மானித்தார்கள். பதினெட்டு ஹோலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். கொழும்பில் அப்படி ஒரு துண்டு எங்கே இருக்கிறது? கோட்டே, தலவத்துகொட பக்கத்துச் சதுப்பு நிலங்களில்தான் உங்கள் கண் போகும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர். அந்தச் சதுப்புதான் மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு எங்கள் வீடுகளைக் காப்பாற்றுகிறது. அதை மண் போட்டு நிரப்பி ஃபெயர்வே ஆக்கினால், மே மாதத்து மழையில் தண்ணீர் யாருடைய வீட்டு வாசலுக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே நிரப்பிக் கைவிட்ட நிலத்தில் நல்ல ஒன்பது ஹோல், இல்லாவிட்டால் பன்னிரண்டு. கிரீனும் டீயும் மேட்டில் இருக்கட்டும். பெருமழைக்கு ஃபெயர்வேயின் பள்ளங்கள் இரண்டு நாள் தண்ணீரைத் தாங்கி வைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு நாளும் நாங்கள் வீட்டில் இருக்கிறோம்.

அடுத்து, மழையும் மண்ணும். இங்கே வருசத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் பெய்கிறது. அடியில் கபுக் மண், களி. நனைந்தால் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். மேலே நான் சொன்ன உருட்டி விடுகிற ஆட்டமெல்லாம் தரை ஓரளவு இறுக்கமாக இருந்தால்தான் நடக்கும். அதனால் முதல் செலவு நிலத்துக்கடியில் போக வேண்டும்: வடிகால் குழாய், அதற்கு மேல் மணல், அதற்கு மேல் இறுக்கமாகப் படரும் பர்முடா மாதிரியான புல். கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதால் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஏரியில் நீரூற்று வைப்பதற்குப் பதில் இதை வையுங்கள். பின்னேர இடிமழைக்கு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒதுங்க இடம் வேண்டும். மின்னலுக்குப் பாதுகாப்பான, நல்ல கொட்டில்கள் மூன்று நான்கு, மரத்தடியைக் காட்டிவிட வேண்டாம்.

காற்றை நீங்கள் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து, கடல் பக்கமாக வரும். டிசெம்பர் தாண்டினால் வடகிழக்கு. ஹோல்களை நாலு திசைக்கும் திருப்பி வைத்தால் ஜூலையில் எட்டாம் நம்பர் அயன் அடித்த இடத்துக்கு ஜனவரியில் ஐந்தாம் நம்பர் வேண்டிவரும். ஒரே மைதானத்தை இரண்டு மைதானமாக்க இதைவிட மலிவான வழி தெரியாது.

நடை. ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீ முப்பது நாற்பது அடியில் இருக்கட்டும். வீட்டுத் துண்டுகளை விற்பதற்காக ஹோலுக்கும் ஹோலுக்கும் நடுவில் அரைக் கிலோமீற்றர் விட்டு, பிறகு பற்றரி வண்டி வாடகைக்குக் கொடுக்கிற தந்திரம் எங்களுக்குத் தெரியும். எங்கள் வெயிலில் நடக்க வேண்டுமென்றால் டீயில் நிழல் வேண்டும், நடக்கும் தூரம் குறைய வேண்டும். ஹோலின் நடுவில் மரம் வேண்டாம், டீயின் பக்கத்தில் ஒரு மருதமரமோ வேம்போ போதும்.

ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் ரிட்ஜ்வே மைதானத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது. கோச்சி வரும்போது ஆட்டக்காரர் நின்று, விட்டுவிட்டு, பிறகு அடிப்பார். புதிதாகக் கட்டுகிற யாரும் இப்படி ஒன்றை வரைபடத்தில் போட மாட்டார்கள். போட்டால் வேலை போய்விடும். ஆனால் ஒருமுறை ஆடியவர் அதை மறப்பதில்லை. அந்தக் கழகம் 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கி 1896 இல் பொரளைப் பக்கம் வந்தது. காலிமுகத்திடலில் ஆடிய காலத்தை நான் அடிக்கடி நினைப்பேன். காற்று வாங்க வந்தவர்கள், குதிரைகள், பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் பந்து. கொழும்பில் கோல்ஃப் மதில் இல்லாத இடத்தில் பிறந்தது. சென்ட் அன்ட்ரூசில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் வழமையாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபெயர்வேயில் நடப்பார்கள். உங்கள் புதிய இடத்திலும் கிழமையில் ஒரு காலைப்பொழுதை அயலில் இருப்பவர்களுக்கு விடுங்கள். சுற்றி இருக்கிறவர்கள் தங்கள் இடம் என்று நினைக்காத காணியைக் காப்பாற்ற எத்தனை காவலாளி வைத்தாலும் போதாது.

கடைசியாகக் கெடிமார். எங்கள் நாட்டுக் கோல்ஃப் ஆட்டக்காரர்களான தங்கராஜாவும் பிரபாகரனும் இந்தியத் தொழில்முறைச் சுற்றுவரை போய் ஆடுகிறார்கள். தமிழ்ப் பெயர்களைப் புள்ளிப்பலகையில் பார்க்கும்போது எனக்கு மாமாவின் ஞாபகம் வரும். இந்த நாட்டில் கோல்ஃபை உண்மையில் தெரிந்தவர்கள் பை தூக்கியவர்கள்தான். மைதானம் ஒவ்வொரு நாளும் எப்படி மாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கெடிமார் அடிக்க ஒரு மூலையில் நான்கு குட்டி ஹோல், கிழமைக்கு ஒரு நாள் முழு மைதானமும் அவர்களுக்கு. இதைத் தர்மம் மாதிரிச் செய்ய வேண்டாம். நன்றாக ஆடத் தெரிந்தவர் பக்கத்தில் நடந்தால் எங்கள் ஆட்டமும் திருந்தும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையொப்பம் வைப்பதற்கு முன் அந்த வெறும் காணியை ஒருமுறை நடந்து பாருங்கள், தனியாக வேண்டாம். முப்பது வருசம் பை தூக்கிய கெடி ஒருவர், எழுபது தாண்டிய ஒரு பெரியவர், 110 யார்ட் அடிக்கிற ஒரு பெண், பந்தைத் தொட்டுப் பார்க்காத அயல்வீட்டுப் பையன் ஒருவன், இந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னேரம் நான்கரைக்குப் போங்கள், முடிந்தால் மழை விட்ட மறுநாள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே நிழல் விழுகிறது, எங்கே நின்றால் காற்று முகத்தில் அடிக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 110 யார்டுக்கு ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார், கேட்டுவிட்டேன், வருவாராம். வியாழக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கெடி,
வெள்ளவத்தை, கொழும்பு 6